எட்டுக் குட்டிகளுக்கு ஒரு கையெழுத்து

மைனர் முக்காலியில் முட்டிக்கொண்ட சத்தம் கேட்டதுமே டாக்டர் இல்யாஸுக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது.

விளக்கை அணைத்தது அவர்தான். கரும்புக்கடையில் மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற சின்னக் கால்நடை கிளினிக் அது. சன்னல் வழியே மாலை வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. மனுசக் கண்ணுக்கே அது போதும், நாய்க்கண்ணுக்குத் தாராளம். ஆனால் அந்த நாலு வயசு லேப்ரடார், தன்னைக் கூப்பிட்ட குரலை நோக்கி நேராக நடந்துவந்து, வழியில் வைத்திருந்த முக்காலியில் நெற்றியை இடித்துக்கொண்டது. இடித்துவிட்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போல வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

“பொழுதோட ஆனா இப்படித்தானுங்க டாக்டரு,” என்றார் செங்கோட்டையன். காங்கேயத்துக்குப் பக்கத்தில் தேங்காய்க் களம் வைத்திருப்பவர். அறுபது தாண்டியவர். “ரெண்டு மாசமா களத்துப் படியில எறங்க மாட்டேங்கறான். சோம்பேறித்தனம்னு நெனச்சு நல்லா வைஞ்சுபோட்டேனுங்க.”

கூட வந்திருந்தது அவருடைய மகள் கனிஷ்கா. சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை. அம்மா இறந்த அடுத்த வருஷம், கொரோனா ஊரடங்கில், தனியாகக் கிடந்த அப்பாவுக்காக அவள் வாங்கிக் கொடுத்த நாய் அது. மைனர் என்று பேர் வைத்தது செங்கோட்டையன். குட்டியாக இருந்தபோதே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததாம்.

இல்யாஸ் விளக்கைப் போட்டு, நாயின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி சுருங்கவில்லை. உள்ளிருந்து பச்சையாக ஒரு பளபளப்பு மட்டும் திரும்பி வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தார். விழித்திரையில் நூலாக ஓடவேண்டிய ரத்தக்குழாய்கள் மெலிந்து, பாதி காணாமலே போயிருந்தன.

“பரம்பரை நோய் மாதிரி தெரியுதுங்க,” என்றார். “முதல்ல மங்கல் வெளிச்சத்துல தெரியாது. அப்புறம் பகல்லயும் போயிரும். வலி இருக்காது. மருந்தும் இல்லைங்க. ஆனா கண்ணால பாத்து மட்டும் உறுதியா சொல்ல முடியாது. டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துப் பாத்துரலாம்.”

“பரம்பரையா?” கனிஷ்கா நிமிர்ந்தாள். “அப்படி இருக்க முடியாதுங்க சார். இவனோட அப்பா நாய் டியூக் கிளியர்னு சர்டிஃபிகேட் இருக்கு. நான் படிச்சுப் பாத்துட்டுத்தானே வாங்கினேன். ரெண்டு பக்கமும் இருந்து வந்தாத்தான் இந்த நோய் வரும், ஒரு பக்கம் சுத்தமா இருந்தா வராதுன்னு போட்டிருந்துது.”

அவள் சொன்னது சரி. இல்யாஸ் தலையாட்டினார்.

அவள் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். நாய்களைப் பதிவு செய்யும் கிளப் கொடுத்த சான்றிதழ், டியூக்கின் டெஸ்ட் ரிப்போர்ட், குட்டிகளைப் பதிவு செய்த விண்ணப்பத்தின் நகல். தாய் ரோஸி. தகப்பன் டியூக். குட்டிகள் எட்டு. வளர்த்தவர் வெங்கடபதி, சூலூர். அடியில், ‘தாயையும் குட்டிகளையும் நேரில் பார்த்து எண்ணி, சிப் நம்பர்களைச் சரிபார்த்தேன்’ என்ற வரிக்குக் கீழே ஒரு மருத்துவரின் முத்திரையும் கையெழுத்தும்.

“உங்க கையெழுத்துத்தானுங்க சார்,” என்றாள் கனிஷ்கா. “அதனாலதான் அங்க இங்க போகாம உங்ககிட்டயே கூட்டிட்டு வந்தோம். இவன் பொறந்தப்பவே பாத்தவரு நீங்கதானே.”

இல்யாஸ் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஏதாவது செய்ய வேண்டுமே என்று, தோலுக்கடியில் பதித்திருக்கும் அடையாளச் சிப்பைப் படிக்கும் கருவியை எடுத்து மைனரின் கழுத்தில் ஓட்டினார். நம்பர் வேறாக இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று மனசு கேட்டது. வேறு நாயாக இருந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துபோகும். கருவி பீப் என்றது. பதினைந்து இலக்கமும் அப்படியே பொருந்தின.

பஞ்சுக் குச்சியால் நாயின் கன்னத்தின் உட்புறம் தேய்த்து, குழாயில் போட்டு மூடி, பேர் எழுதினார். மைனர் மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. அது அவர் விரலை நக்கியது.

*

அந்தக் குட்டிகளை அவர் பார்க்கவே இல்லை.

ஊரடங்கு உச்சத்தில் இருந்த மே மாதம் அது. வெங்கடபதி போன் செய்தார். “டாக்டர் தம்பி, ரோஸி குட்டி போட்டுட்டாளுங்க. ஃபாரம் அனுப்ப நாள் நெருங்கிருச்சு. நீங்க வர முடியாது, போலீஸ் விடமாட்டான். போட்டோ அனுப்பறேன், பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க.” காய்கறி வண்டிக்காரர் ஒருவர் கையில் ஃபாரம் வந்தது. இல்யாஸ் வாசலில் நிறுத்தியிருந்த பைக் சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

வெங்கடபதியைச் சந்தேகப்பட அவருக்குக் காரணமே இல்லை. இல்யாஸ் கிளினிக் திறந்த காலத்தில், பழைய கலவரத்தின் பயத்தில், முஸ்லிம்கள் நிறைந்த அந்தப் பகுதிக்குள் வெளியாட்கள் வரவே யோசிப்பார்கள். வெங்கடபதிதான் முதன்முதலாகத் தன் மூன்று நாய்களையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியவர். வந்ததோடு நிற்காமல், பீளமேடு, சிங்காநல்லூர் என்று தெரிந்தவர்களை எல்லாம் அங்கே அனுப்பினார். அவரிடம் குட்டி வாங்கினவர்கள் பாதிப்பேர் இன்றைக்கும் இல்யாஸிடம்தான் வருகிறார்கள். அந்த மனுசன் நீட்டிய காகிதத்தை எப்படிச் சந்தேகப்படுவது?

ஆனால் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. வந்தபிறகு அது போகவில்லை. ரிசல்ட் வர இரண்டு வாரம் ஆகும் என்று பெங்களூர் லேப்பில் சொன்னார்கள். முதல் நாளே இல்யாஸ் அலமாரியில் கிடந்த பழைய போனை எடுத்துச் சார்ஜ் போட்டார். உயிர் வந்தது. நாலு வருஷத்து மெசேஜ்களைத் தள்ளித் தள்ளி அந்தப் போட்டோவைத் தேடிப் பிடித்தார்.

ரோஸி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வயிற்றில் ஐந்து குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பழக்கூடை. அதற்குள் துணி விரித்து மூன்று குட்டிகள். இந்த மூன்றும் அந்த ஐந்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ரோஸியின் கண் அந்தக் கூடைப் பக்கமே இல்லை.

அன்றைக்கும் இதே படம்தான் வந்தது. அன்றைக்கு அவர் பார்த்தது எட்டு என்ற எண்ணிக்கையை மட்டும்.

அதன் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கிளினிக்கிலிருந்து வந்ததும் உடுப்பை மாற்றிக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவது வழக்கம். அந்த வாரத்தில் இரண்டு தடவை அப்படியே உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் நாய் மயிர். மனைவி குல்சும் முதல் தடவை சத்தம் போட்டாள். இரண்டாம் தடவை சத்தம் போடாமல் எதிரே உட்கார்ந்தாள்.

“என்னங்க ஆச்சு?”

சொன்னார். போட்டோவையும் காட்டினார். அவள் விரலால் விரித்து, பெரிசாக்கி, கூடையைப் பார்த்தாள்.

“அந்தப் பொண்ணு கேட்டுச்சா, நீங்க நேர்ல பாத்தீங்களான்னு?”

“கேக்கல. பாத்தேன்னு நம்பிட்டு இருக்கு.”

“அப்ப கேக்கற வரைக்கும் நீங்களா ஏன் போய்ச் சொல்லணும்?” அவள் குரல் தாழ்ந்தது. “லைசென்ஸுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னங்க பண்ணுவோம்? நம்ம ஹிபா இந்த வருஷம் பன்னெண்டாவது. ஊர்ல ஆளுக்கொண்ணு பேசுவாங்க.”

அவள் பயத்தைக் குறைசொல்ல அவரால் முடியவில்லை. அதே பயம்தான் அவருக்கும். டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்துவிடட்டும், வேறு ஏதாவது கண் நோயாக இருக்கட்டும் என்று தொழுகையில்கூட வேண்டிக்கொண்டார். ஒரு நாய்க்கு வேறொரு நோய் வரட்டும் என்று துஆ கேட்கிறோமே என்று பாதியிலேயே கூசிப்போய் நிறுத்தினார்.

பதிமூன்றாம் நாள் மெயில் வந்தது. இரண்டு பக்கமிருந்தும் நோய் வந்திருக்கிறது என்று போட்டிருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. அதே மெயில் கனிஷ்காவுக்கும் போயிருந்தது. பத்தே நிமிஷத்தில் அவள் போன் வந்தது.

“சார், அப்ப டியூக் இவனோட அப்பா இல்லைங்களா?”

“அப்படித்தான் தோணுதுங்க அம்மணி. இல்லைன்னா டியூக்கோட ரிப்போர்ட் தப்பா இருக்கணும்.”

“அது எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“டியூக், ரோஸி, மைனர் மூணு பேருக்கும் பெற்றோர் டெஸ்ட் எடுக்கலாம். ஒரு டாக்டர் தன் கையால சாம்பிள் எடுத்து அனுப்பணும்னு லேப்ல கேப்பாங்க.”

“நீங்களே எடுத்துருங்க சார்,” என்றாள் அவள். “வேற யாரை நம்பறது?”

*

வெங்கடபதி நாய் வளர்க்கும் கென்னல் சூலூரிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். போனதும் அவர் எப்போதும்போல இளநீர் வெட்டிக் கொடுத்தார். தரை பினாயில் போட்டுக் கழுவி ஈரமாக இருந்தது. நாய்கள் எல்லாம் தெளிவாக, கொழுகொழுவென்று இருந்தன. மோசக்காரனின் இடம் மாதிரி எதுவும் கண்ணில் படவில்லை. அதுவே இல்யாஸை இன்னும் கலக்கியது.

விஷயத்தைக் கேட்டதும் வெங்கடபதி சிரித்தார். “மெஷின் சொல்றதெல்லாம் வேதமுங்களா? அந்தப் புள்ளைக்கு அடுத்த ஈத்துல ஒரு நல்ல குட்டி சும்மாவே கொடுத்தர்றேன். சமாதானம் பண்ணி விடுங்க.”

“குட்டி கேக்கலைங்ணா. உண்மை என்னன்னு கேக்கறாங்க.”

“உண்மைதான் பேப்பர்ல இருக்குதே.”

இல்யாஸ் இளநீரைக் கீழே வைத்தார். “அண்ணா, அன்னிக்கு ரோஸி எத்தனை குட்டி போட்டா?”

வெங்கடபதியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது.

“நீங்க எண்ணலையா?” என்றார். “எண்ணிப் பாத்தேன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க.”

உள்ளே ஒரு நாய் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு வெங்கடபதியே நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு சொன்னார். ரோஸி போட்டது அஞ்சு. ஆனால் எட்டுப் பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பவானியில் தெரிந்தவர் ஒருவரிடம் அதே வாரம் பிறந்த மூன்று இருந்தன. “அதுவும் அசல் லேப்ரடார்தானுங்க தம்பி. பேப்பர் இல்லை, அவ்வளவுதான். அந்தச் சமயத்துல வேற எங்க போறது? யாரையும் ஏமாத்தணும்னு செய்யலை. அதுல கண் நோய் இருக்கும்னு கனவா கண்டேன்?”

எழுந்துபோய் டியூக்கையும் ரோஸியையும் கூட்டிக்கொண்டு வந்தார். இல்யாஸ் இரண்டுக்கும் சாம்பிள் எடுத்தார். கிளம்பும்போது வெங்கடபதி சட்டைப் பையிலிருந்து இன்னொரு குழாயை எடுத்தார். அதற்குள் பஞ்சுக் குச்சி இருந்தது. மேலே பேர் எதுவும் எழுதவில்லை.

“இது ரோஸிக்கும் டியூக்குக்கும் பொறந்த அசல் பையன். இங்கதான் இருக்கான். இதுல மைனர்னு எழுதி அனுப்புங்க. மூணும் பொருந்தும். முன்னால வந்த ரிசல்ட்டு லேப்ல ஆன குழப்பம்னு ஆயிரும். குச்சியில பேரா எழுதியிருக்குது?” குரலைத் தணித்துக்கொண்டார். “நான் மட்டும் மாட்ட மாட்டேனுங்க தம்பி. அதையும் யோசிச்சுக்கங்க.”

இல்யாஸ் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் திறக்கவில்லை. குழாய் அவர் கைக்கு வந்து, பையின் ஓர அறைக்குள் போனது. கார் மெயின் ரோட்டில் ஏறிய பிறகுதான், தான் அதை வாங்கிக்கொண்டு வந்திருப்பதே அவருக்கு முழுசாக உறைத்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை காங்கேயத்துக்குப் புறப்பட்டார். வழி நெடுக மனசு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. பல்லடம் தாண்டும்வரை ஒரு கட்சி ஜெயித்தது: நாய்க்குக் கண் போனது போனதுதான், யார் தகப்பன் என்று தெரிந்தால் மட்டும் திரும்பி வரவா போகிறது? பல்லடம் தாண்டியதும் மற்றது எழுந்தது: அந்த மூன்றில் மற்ற இரண்டு எங்கே? அவற்றுக்கும் பேப்பர் இருக்கிறதே. கிளியர் என்று நம்பி யாராவது குட்டி எடுத்தால்? அந்தக் குட்டிகளுக்கும் குட்டி பிறந்தால்? ஒரு டீக்கடையில் நிறுத்தினார். டீ வாங்கினார், குடிக்காமலே வைத்துவிட்டு வந்தார்.

களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் எண்ணெய் மணம் தூக்கியது. செங்கோட்டையன் களத்தின் ஓரமாக நடந்து வந்தார். மைனர் அவர் காலோடு ஒட்டிக்கொண்டே வந்தது. படி வந்ததும் அவர் நின்று, “எறங்கு கண்ணு, ஒண்ணு… ரெண்டு…” என்றார். நாய் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காலாக வைத்து இறங்கியது.

“பகல்லயும் மங்கிருச்சுங்க,” என்றார். “நான் முன்னால வைஞ்சதை நெனச்சா வெசனமா இருக்குது. தெரியாம நிக்கறான்னு எனக்குத் தோணவே இல்லை பாருங்க.”

கனிஷ்கா போனில் வீடியோ எடுக்கத் தயாராக நின்றாள். “எதுக்கும் ஒரு சாட்சி இருக்கட்டும்னுங்க சார். நாளைக்கு அவங்க, உங்க மேல பழி சொல்லக் கூடாதில்ல.” அவரைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவள் அதைச் செய்தாள்.

இல்யாஸ் பையைத் திறந்தார். புதுக் குழாயை எடுத்தார். ஓர அறையில் கைவைத்து, அந்த இன்னொரு குழாயையும் எடுத்தார். இரண்டையும் அங்கே கிடந்த கட்டிலின் மேல் வைத்தார். கனிஷ்காவைப் பார்த்துச் சொன்னார்.

“அந்த வீடியோவைக் கொஞ்சம் நிறுத்துங்க அம்மணி. இல்ல, வேண்டாம், எடுங்க. இந்தக் குச்சி மைனரோடது இல்லை. இதை மைனரோடதுன்னு அனுப்பச் சொல்லி வெங்கடபதி கொடுத்தாரு. நான் வாங்கிட்டு வந்தேன்.”

கனிஷ்காவின் கை இறங்கவில்லை. போன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இன்னொண்ணு. நாலு வருஷத்துக்கு முந்தி அந்தக் குட்டிகளை நான் போய்ப் பாக்கலைங்க. எண்ணலை. சிப்பையும் சோதிக்கலை. போட்டோ வந்துச்சு, கையெழுத்துப் போட்டுட்டேன். ரோஸி போட்டது அஞ்சுதான். மைனர் வெளியில இருந்து வந்த மூணுல ஒண்ணு.”

கேட்டுக்கொண்டிருந்த செங்கோட்டையன் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அப்ப எதைப் பாத்துக் கையெழுத்துப் போட்டீங்க?”

“அவரை நம்பிப் போட்டேனுங்க.”

“நீங்க அவரை நம்புனீங்க. நாங்க உங்களை நம்புனோம்,” என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை. “நல்லா இருக்குதுங்க.”

கனிஷ்காதான் வெடித்தாள். “மூணு வாரமா நான் உங்ககிட்டயே பேசிட்டு இருந்திருக்கேன் சார்! ரிசல்ட் வந்த அன்னிக்கே தெரியும் உங்களுக்கு. இல்ல, அதுக்கும் முந்தியே தெரியும். ‘வேற யாரை நம்பறது’ன்னு நான் சொன்னப்பக்கூட நீங்க வாயைத் திறக்கலை.” திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இல்யாஸ் நின்ற இடத்திலேயே நின்றார். மன்னிப்பு என்ற சொல்லை அந்த இடத்தில் எடுப்பதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

கடைசியில் அவள்தான் திரும்பினாள். “சாம்பிளை எடுங்க. நான் வீடியோ எடுக்கறேன். எடுத்துட்டு, இப்பச் சொன்னதை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. டியூக், ரோஸி, மைனர், குழாய் மூணையும் நானே கூரியர் பண்றேன்.”

எடுத்தார். எழுதினார். எழுதி முடிக்கும்வரை அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். யாரும் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

*

டியூக் தகப்பன் இல்லை, ரோஸி தாயும் இல்லை என்று ரிசல்ட் வந்தது. அதற்குள் இல்யாஸ் கிளப்புக்குக் கடிதம் அனுப்பிவிட்டார். குல்சும் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். “இவ்வளவு எழுதணுமா?” என்று கேட்டாள். பிறகு அவளே கவரை ஒட்டினாள்.

கிளப் அந்த எட்டுப் பதிவுகளையும் நிறுத்தி வைத்தது. விசாரணை முடியும்வரை இல்யாஸ் எந்த ஃபாரத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று வந்தது. கால்நடை மருத்துவ கவுன்சிலிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸும் வந்தது. வெங்கடபதியின் கென்னலிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் வரவு நின்றது. அவர் ஒரே ஒரு தடவை போன் செய்தார். “பதினெட்டு வருசப் பழக்கம் தம்பி,” என்றார். இல்யாஸ் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அந்தக் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. அது பல நாள் அவர் காதிலேயே நின்றது.

மிச்சம் இருந்தது ஏழு நாய்கள். கிளப்பில் முகவரி வாங்கி, ஒவ்வொருவருக்கும் அவரே போன் செய்தார். எது அந்த மற்ற இரண்டு என்று வெங்கடபதி சொல்ல மறுத்ததால் ஏழு பேருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ‘நான்தான் கையெழுத்துப் போட்ட டாக்டர்’ என்றே ஆரம்பித்தார். சிலர் கத்தினார்கள். ஒருவர், பேப்பரா முக்கியம், எங்கள் நாய் எங்களுக்குப் போதும் என்று வைத்துவிட்டார். குல்சும் அவர் மனைவியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தாள்.

இரண்டில் ஒன்று பெருந்துறையில் இருந்தது. ஒரு வருஷமாக அதைச் சங்கிலியில்தான் கட்டி வைத்திருந்தார்கள். தொட்டால் கடிக்க வருகிறது, வெறி பிடித்த நாய் என்று ஊரில் பேராம். இல்யாஸ் போய், தூரத்திலிருந்தே பேசிக்கொண்டு நெருங்கினார். அது முகத்தைத் திருப்பிக் காதை நிமிர்த்தியது. கண் அவர் மேல் நிற்கவில்லை. அதற்குச் சுத்தமாகப் பார்வை இல்லை. சத்தமில்லாமல் யாராவது வந்து தொட்டால் மிரண்டு கடித்திருக்கிறது. அவ்வளவுதான். அந்த வீட்டு அம்மாள் கேட்டுவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். தடியால் அடித்ததை அவள் சொல்லவில்லை. நாயின் முதுகில் தெரிந்தது. இல்யாஸ் காருக்குத் திரும்பிவந்து, சாவியைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்று பெட்டை. அந்தியூரில் கதிர்வேல் என்பவரிடம் இருந்தது. அதற்குப் பார்வை நன்றாக இருந்தது. ஆனால் ஒரு பக்கத்து நோயை உடம்பில் சுமந்துகொண்டிருந்தது. மறுவாரம் அதைக் கூட்டிப்போய் இணை சேர்ப்பதாக இருந்தார்கள். பார்த்து வைத்திருந்த ஆண் நாய், நாமக்கல்லில், டெஸ்டே எடுக்காதது. கதிர்வேல் இல்யாஸை வாசலில் நிற்கவைத்தே கால்மணி நேரம் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, நாமக்கல்லுக்குப் போன் போட்டு, “வரலைங்க, வேண்டாம்,” என்று சொன்னார். அந்த ஒரு போனுக்காக இன்னும் ஒரு மணி நேரம்கூடத் திட்டு வாங்கலாம் என்று இல்யாஸுக்குத் தோன்றியது.

கனிஷ்கா திரும்ப வரவே இல்லை. மைனரை வேறு டாக்டரிடம் காட்டுவதாகக் கேள்விப்பட்டார். அது நியாயம்தான் என்று இருந்துவிட்டார்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவருக்குப் போன் வந்தது. செங்கோட்டையன்.

“டாக்டரு, மைனர் ரெண்டு நாளா எதுவும் திங்கலைங்க. ஒண்ணுக்கு ரத்தமாட்டம் போவுது. இங்கத்த டாக்டரு ஊர்ல இல்லை. பாப்பா சென்னைக்குப் போயிருக்குது.” கொஞ்சம் தயங்கினார். “வர முடியுமுங்களா?”

“வாரேனுங்க,” என்றார் இல்யாஸ். உண்ணிக் காய்ச்சலாகத்தான் இருக்கும், தாமதித்தால் பிழைக்காது. மருந்துகளை அள்ளிப் போட்டுக்கொண்டு மழையோடு மழையாக ஓட்டினார். வைப்பர் வேலை செய்ததே தவிர ரோடு தெரியவில்லை. அவினாசிபாளையத்தில் தண்ணீர் ரோட்டை மூடியிருந்தது; ஒரு லாரியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு கடந்தார்.

மைனர் சாக்கின் மேல் கிடந்தது. ஈறு வெளுத்து மஞ்சள் பூத்திருந்தது. கண்ணில் இப்போது பால் படிந்ததைப் போல வெண்மை. இல்யாஸ் மண்டியிட்டு உட்கார்ந்தார். செங்கோட்டையன் நாயின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“உங்களைக் கூப்படறதான்னு காலைல இருந்து யோசிச்சனுங்க,” என்றார், அவர் முகத்தைப் பார்க்காமல். “நீங்க செஞ்சது தப்புத்தான். அது எனக்கு மறக்காது. பாப்பாவுக்குச் சொன்னா வையும்.”

“தெரியுமுங்க.”

“சரி. ஊசியைப் போடுங்க.”

இல்யாஸ் மருந்தை ஏற்றினார். நாய் சத்தம் வந்த பக்கம் மூக்கைத் திருப்பி, அவர் மணிக்கட்டை மோந்து பார்த்தது. யாரென்று அதற்குத் தெரிந்துவிட்டது போல. வால் நுனி மட்டும் ஒரு தடவை சாக்கில் தட்டியது. குளுகோஸ் பாட்டிலை மாட்ட ஆணி இல்லை. செங்கோட்டையன் ஒரு கையால் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கை வலித்தபோது இல்யாஸ் வாங்கிப் பிடித்தார். பாட்டில் காலியாகும்வரை இருவரும் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். சாயங்காலம் மைனர் தலையைத் தூக்கி, கிண்ணத்திலிருந்து நாலு வாய் தண்ணீர் குடித்தது.